டெஸ்ட் லாக்கில் நிறக் குறியீடுகள்: எங்கே விடுவது, எங்கே நீக்குவது

லாக் ஃபைலைத் திறந்தால் வரிக்கு வரி ^[[31எம், ^[[0எம் என்று குப்பை. அல்லது இதற்கு நேர்மாறு: உங்கள் கணினியில் பச்சையும் சிவப்புமாக ஓடிய டெஸ்ட், டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் நிறமே இல்லாமல் நீள்கிறது; எந்த டெஸ்ட் ஃபெயில் ஆனது என்று தேடிக் கண் வலிக்கிறது. இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். நிறம் போடலாமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு கருவியும் தானே ஊகித்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறோம். அந்த முடிவை நாமே எடுத்து ஓரிடத்தில் எழுதிவைத்துவிட்டால் பெரும்பாலான சிக்கல் தீர்ந்துவிடும். மனிதர் கண்ணால் படிக்கும் லாக்கில் நிறம் இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் படிக்கும் ஃபைலில் நிறக் குறியீட்டின் ஒரு பைட்கூட இருக்கக் கூடாது.

நிறம் எப்படி வருகிறது

டெர்மினலுக்கு நிறத்தை அனுப்பத் தனிப் பாதை கிடையாது. எழுத்துகள் போகும் வழியிலேயே அதுவும் போகிறது. முதலில் எஸ்கேப் என்ற கட்டுப்பாட்டு எழுத்து வரும். அதன் எண் 27, எட்டை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில் (ஆக்டல்) 033. அடுத்து ஒரு சதுர அடைப்புக்குறி, பிறகு எண்கள், கடைசியில் ஆங்கிலச் சிறிய எம். இந்த முறை 1976-இல் வந்த இசிஎம்ஏ-48 தரத்திலிருந்து வருவது. 1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 டெர்மினல் அதைப் பரவலாக்கியது.

31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 1 தடித்த எழுத்து, 0 எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். 30 முதல் 37 வரை எழுத்தின் நிறம், 40 முதல் 47 வரை பின்னணி, 90 முதல் 97 வரை பளிச்சென்ற நிறங்கள். 38;5 என்று தொடங்கினால் அடுத்த எண் 256 நிறங்களில் ஒன்றைக் குறிக்கும். 38;2 என்று தொடங்கினால் அடுத்த மூன்று எண்களும் சிவப்பு, பச்சை, நீல அளவுகள்.

நான்கு எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல்லைச் சிவப்பாக்கினால் முன்னால் 5 பைட், பின்னால் 4 பைட் சேரும். திரையில் தெரிவது 4 எழுத்து, ஃபைலில் இருப்பது 13 பைட். நிறம் சேர்த்த பிறகு சரத்தின் நீளத்தை அளந்து பத்திகளை ஒழுங்குபடுத்தும் நிரலின் வெளியீடு கோணலாவது இதனால்தான். முதலில் இடைவெளி நிரப்புங்கள், அதன்பிறகு நிறம் பூசுங்கள்.

எம் என்று முடிபவை மட்டுமே நிறக் குறியீடுகள். வரியை அழிப்பதற்கும், கர்சரை மேலே நகர்த்துவதற்கும், கர்சரை மறைப்பதற்கும் வேறு எழுத்துகளில் முடியும் குறியீடுகள் உண்டு. ப்ராக்ரஸ் பார் காட்டும் எந்தக் கருவியும் இவற்றைத் தாராளமாக அனுப்பும். நிறத்தை மட்டும் நீக்கும் ஸ்கிரிப்டுகள் தோற்பது இங்கேதான்.

முடிவெடுப்பது யார்

பெரும்பாலான கருவிகள், தங்கள் வெளியீடு உண்மையான டெர்மினலுக்குப் போகிறதா என்று இயங்குதளத்தைக் கேட்கும். ஆம் என்றால் நிறம் போடும். பைப்புக்கோ (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோகும் இணைப்பு) ஃபைலுக்கோ போனால் போடாது. சிஐ சர்வரில் வெளியீடு பைப்புக்குத்தான் போகிறது, எனவே நிறம் தானாக நின்றுவிடும். ஆனால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் என்ற இரண்டு சிஐ சேவைகளின் லாக் பக்கங்களும் நிறக் குறியீடுகளைப் புரிந்துகொண்டு காட்டக்கூடியவை. ஜென்கின்ஸ் என்ற சிஐ கருவியில் அன்சிகலர் என்ற ப்ளகின் போட்டு, பைப்லைனின் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை எக்ஸ்டெர்ம் என்ற மதிப்போடு இயக்க வேண்டும். இல்லாவிட்டால் குறியீடுகள் அப்படியே எழுத்தாகத் தெரியும். ஆகவே சிஐயில் நிறம் வேண்டுமானால் வலிந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேட்பதற்கு இரண்டு வழி: கட்டளை வரியில் சுவிட்ச், அல்லது என்விரான்மென்ட் வேரியபிள் (நிரல் ஓடும் சூழலில் வைக்கும் பெயரும் மதிப்பும்). முடிந்தவரை சுவிட்சையே பயன்படுத்துங்கள். காரணம் சற்றுக் கீழே வருகிறது.

டெஸ்ட் ஓட்டும் கருவிகளில், பைத்தானின் பைடெஸ்டுக்கு --கலர்=யெஸ். சி++ மொழியின் கூகுள் டெஸ்டுக்கு --ஜிடெஸ்ட்_கலர்=யெஸ். ஜாவாஸ்கிரிப்டின் ஜெஸ்டுக்கு --கலர்ஸ். ரஸ்ட் மொழியில், பில்ட் கருவியான கார்கோவின் சொந்தச் செய்திகளுக்கு கார்கோ_டெர்ம்_கலர் வேரியபிளில் ஆல்வேஸ் என்று வையுங்கள்; டெஸ்ட் பைனரிக்கு, தனியே நிற்கும் -- குறிக்குப் பிறகு --கலர்=ஆல்வேஸ் என்று தனியே கொடுக்க வேண்டும். நின்ஜா என்ற பில்ட் கருவி வழியாக ஜிசிசி கம்பைலர் ஓடினால், நடுவில் நின்ஜாவின் பைப் இருப்பதால் கம்பைலர் நிறத்தை நிறுத்திவிடும். கம்பைலருக்கு -எஃப்டயக்னாஸ்டிக்ஸ்-கலர்=ஆல்வேஸ் கொடுங்கள். சிஐயில் நின்ஜாவும் அதை உரித்துவிடும் என்பதால் கிளிகலர்_ஃபோர்ஸ் வேரியபிளையும் 1 ஆக்குங்கள். இவை எல்லாமே ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டியவை. வேரியபிள் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில்.

எல்லாக் கருவிக்கும் பொதுவாக என்று நோ_கலர், ஃபோர்ஸ்_கலர் என இரண்டு வேரியபிள்கள் புழக்கத்தில் உள்ளன. நோ_கலர் 2017-இல் முன்வைக்கப்பட்ட எளிய உடன்படிக்கை: அது வெறுமையாக இல்லாமல் இருந்தாலே நிறம் கூடாது. மதிப்பு என்ன என்பது பொருட்டே இல்லை. நோ_கலர்=0 என்று எழுதினாலும் நிறம் நிற்கும்; அதை ‘தடையை நீக்கு’ என்று படிக்கக் கூடாது.

ஃபோர்ஸ்_கலர் இவ்வளவு தெளிவாக இல்லை. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் உலகில் 0 என்றால் நிறம் வேண்டாம், 1 என்றால் 16 நிறம், 2 என்றால் 256, 3 என்றால் முழு நிறம். பைடெஸ்டிலோ வெறுமையாக இல்லாத எந்த மதிப்பும் ‘நிறம் போடு’ என்றே ஆகும், 0 உட்பட. இரண்டு வேரியபிளும் சேர்ந்து இருந்தால் குழப்பம் இன்னும் கூடும்: பைடெஸ்டிலும் பைத்தான் 3.13-இலும் நோ_கலர் ஜெயிக்கும், நோட் ஜேஎஸ்ஸில் ஃபோர்ஸ்_கலர் ஜெயிக்கும். அதோடு நோ_கலர் புறக்கணிக்கப்பட்டது என்று ஓர் எச்சரிக்கை வரியையும் நோட், பிழைச் செய்திகளுக்கான எரர் ஸ்ட்ரீமில் எழுதிவிடும். அந்த ஒரு வரியால், முன்பு சேமித்த வெளியீட்டோடு ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் டெஸ்டுகள் வரிசையாக விழும். இரண்டையும் ஒருசேர ஒருபோதும் வைக்காதீர்கள்.

டாக்கர் கன்டெய்னர் என்ற தனித்த சூழலுக்குள் டெஸ்ட் ஓடினால், வெளியே வைத்த வேரியபிள் உள்ளே தானாகப் போகாது. டாக்கர் ரன்னில் -இ சுவிட்ச் மூலம் ஒவ்வொன்றாக உள்ளே அனுப்ப வேண்டும்.

வேரியபிள் கசியும்போது

சுவிட்சை வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். சிஐ ஜாபின் மேல்மட்டத்தில் ஃபோர்ஸ்_கலர்=1 என்று வைத்தால் டெஸ்ட் ரன்னருக்கு மட்டும் அது போய்ச் சேராது. டெஸ்டுகள் தாமே தொடங்கும் துணை நிரல்களுக்கும் அது அப்படியே இறங்கும். உங்கள் கட்டளை வரிக் கருவியை ஓட்டி, வெளியீட்டைப் பிடித்து, எதிர்பார்த்த சரத்தோடு ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் கணினியில் அது தேறும். சிஐயில் அதே வெளியீடு குறியீடுகளோடு வந்து தோற்கும். ஃபெயிலான செய்தியைப் பார்த்தால் எதிர்பார்த்ததும் கிடைத்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் லாக் பக்கம் குறியீட்டை நிறமாக மாற்றிக் காட்டிவிடுகிறது. இந்த அறிகுறியைக் கண்டால் முதல் சந்தேகம் கசிந்த வேரியபிள் மீதுதான் போக வேண்டும்.

பைத்தான் 3.13 வந்தபின் இது அதிகமாகிவிட்டது. அந்தப் பதிப்பிலிருந்து பிழைத் தடமே (டிரேஸ்பேக்) இயல்பாக நிறத்தோடு வருகிறது. ஃபோர்ஸ்_கலர் இருந்தால் பைப்பிலும் நிறத்தோடு வரும். பிழைத் தடத்தின் வரிகளை ஒப்பிடும் பழைய டெஸ்டுகள், நிரலில் எதையும் மாற்றாமலேயே தோற்கத் தொடங்கும்.

பரிகாரம், டெஸ்டுகளுக்கான சூழலைத் தொடக்கத்திலேயே கழுவிவிடுவது. பைடெஸ்டில் கான்ஃப்டெஸ்ட் ஃபைலில் தானாக இயங்கும் ஃபிக்சர் (டெஸ்டுக்கு முன் ஓடும் ஆயத்த ஃபங்ஷன்) ஒன்று எழுதி, ஃபோர்ஸ்_கலர், கிளிகலர்_ஃபோர்ஸ், பை_கலர்ஸ், பைத்தான்_கலர்ஸ் நான்கையும் பைடெஸ்டின் மங்கிபேட்ச் வசதி கொண்டு நீக்குங்கள். பிறகு நோ_கலர்=1, கலம்ஸ்=80 என்று வையுங்கள்.  கலம்ஸ் எதற்கு என்றால், திரை அகலத்தைப் பார்த்து வரியை மடிக்கும் லைப்ரரிகள் சிஐயில் வேறு இடத்தில் மடிக்கும். அதுவும் இதே ரகமான தோல்விதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில லைப்ரரிகள், குறிப்பாக நோட் உலகில் எழுத்துக்கு நிறம் பூசும் சாக், இம்போர்ட் ஆகும் நொடியிலேயே நிறம் உண்டா இல்லையா என்று முடிவெடுத்து வைத்துக்கொள்ளும். டெஸ்டுக்குள் போய் வேரியபிளை மாற்றினால் பயன் இருக்காது. ரன்னர் தொடங்கும் முன்பே மாற்றுங்கள், அல்லது துணை நிரலாக ஓட்டி அதற்கென்று தனிச் சூழல் கொடுங்கள்.

சுவிட்சே இல்லாத கருவிக்கு

சில கருவிகளுக்கு டெர்மினலைக் கண்டால்தான் நிறம் வரும், வேறு வழியே இருக்காது. அப்போது போலி டெர்மினல் ஒன்றைக் காட்டலாம். லினக்ஸில் ஸ்கிரிப்ட் என்ற கட்டளை அதைச் செய்யும்: -கியூ, -இ, -சி என்று மூன்று சுவிட்சுகள், ஓட்ட வேண்டிய கட்டளை மேற்கோள்குறிக்குள், கடைசியில், எழுதியதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல் ஃபைல். -இ இல்லாவிட்டால் உள்ளே ஓடிய டெஸ்டின் எக்ஸிட் கோட் (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) வெளியே வராது. எல்லா டெஸ்டும் தோற்றாலும் ஜாப் பச்சையாக முடியும். மேக்கில் சுவிட்சுகளின் அமைப்பு வேறு: -கியூ, டெவ் நல், அதன்பிறகு கட்டளை.

இதைக் கடைசி வழியாகவே வையுங்கள். போலி டெர்மினலில் இயல்பு வெளியீடும் எரர் ஸ்ட்ரீமும் ஒன்றாகக் கலந்துவிடும், பிரிக்க முடியாது. வரி முடிவுகளில் கேரேஜ் ரிட்டர்ன் (கர்சரை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பும் எழுத்து) சேரும். எதிரே மனிதர் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக் கருவிகள் ப்ராக்ரஸ் பாரை ஓட விடும். இவற்றைவிடக் கொடியது, கிட் லாக் போன்ற கட்டளை, நீண்ட வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் பேஜரைத் திறந்து, யாரோ ஒரு பொத்தானை அழுத்துவார் என்று டைம்அவுட் வரை காத்திருப்பது. கிட்_பேஜர், பேஜர் இரண்டுக்கும் கேட் என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு ஃபைல் முறை

நாங்கள் பரிந்துரைப்பது இதை. டெஸ்டை நிறத்தோடு ஓட்டி, எரர் ஸ்ட்ரீமையும் சேர்த்து, டீ கட்டளை வழியாகத் திரைக்கும் ஒரு மூல ஃபைலுக்கும் அனுப்புங்கள். ஓடி முடிந்தபின் அந்த மூல ஃபைலிலிருந்து குறியீடுகளை நீக்கி இரண்டாவது ஃபைலை உருவாக்குங்கள். தேடல், எண்ணிக்கை, மின்னஞ்சல், சேமிப்பு எல்லாம் இரண்டாவது ஃபைலிலிருந்துதான்.

இதில் தவறும் இடங்கள் இரண்டு. முதலாவது, பைப்பின் எக்ஸிட் கோட். பாஷில் பைப்பின் விடை கடைசிக் கட்டளையின் விடை. டீ எப்போதும் வெற்றிதான், ஆகவே தோல்வி மறைந்துவிடும். பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் ஆப்ஷனை செட் -ஓ மூலம் முதல் வரியிலேயே இயக்குங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஷெல் என்பதில் பாஷ் என்று வெளிப்படையாக எழுதினால் பைப்ஃபெயிலும் சேர்ந்து வரும். எழுதாமல் விட்டால் வராது. இரண்டாவது, டெஸ்ட் தோற்றதும் ஜாப் அங்கேயே நின்று, நீக்கும் படி ஓடாமலே போவது. லாக் மிகவும் தேவைப்படுவதே தோற்ற நாளில்தான். நீக்கும் வேலையைத் தனிப் படியாக்கி, கிட்ஹப்பில் ஆல்வேஸ் நிபந்தனையோடும், கிட்லேபில் ஆஃப்டர்_ஸ்கிரிப்டிலும், ஜென்கின்ஸில் போஸ்ட் பகுதியின் ஆல்வேஸிலும் வையுங்கள்.

நீக்குவதற்கான பேட்டர்ன் (ரெஜெக்ஸ்), பெர்லிலும் பைத்தானிலும் அப்படியே செல்லும்:

`\033\[[0-?]*[ -\/]*[@-~]`

எஸ்கேப், சதுர அடைப்பு, பிறகு எண்களும் அரைப்புள்ளி முதலானவையும், பிறகு அரிதாக வரும் இடைக் குறிகள், கடைசியில் முடிவெழுத்து ஒன்று. இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் எம் எழுத்தில் முடிபவற்றை மட்டும் பிடிக்கும். இது வரி அழிப்பையும் கர்சர் நகர்வையும் சேர்த்துப் பிடிக்கும். உரையை வரி வரியாக மாற்றும் செட் (sed) கட்டளையில் இதை வைக்காதீர்கள்; மேலே வந்த செட் -ஓ வேறு. மேக்கின் செட் எஸ்கேப் எண்ணைப் புரிந்துகொள்வதில்லை. லினக்ஸின் செட்டில் எழுத்து வரம்புகள் மொழி அமைப்புக்கு ஏற்ப மாறலாம்.

சில கருவிகள் ஃபைல் பெயரைச் சொடுக்கத்தக்க இணைப்பாக அனுப்பும். அதற்கு இன்னொரு பேட்டர்ன்:

`\033\].*?(\007|\033\\)`

ப்ராக்ரஸ் பார் ஒரே வரியில் தன்னைத்தானே திரும்பத் திரும்ப எழுதியிருந்தால், கடைசியாக எழுதியதை மட்டும் மிச்சம் வைக்க இது:

`^.*\015(?=[^\015\012])`

பைத்தானில் இந்த மூன்றாவதைப் பயன்படுத்தும்போது ஃபைலை பைனரி முறையில் திறந்து, பேட்டர்னையும் பைட் சரமாக எழுதி, வரி வரியாகப் படியுங்கள். எழுத்து முறையில் திறந்தால் பைத்தான் ஒவ்வொரு கேரேஜ் ரிட்டர்னையும் புது வரியாக மாற்றிவிடும், பேட்டர்னுக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. இதைவிட நல்லது ப்ராக்ரஸ் பாரை மூலத்திலேயே நிறுத்துவது. பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்புக்கு --ப்ராக்ரஸ்-பார்=ஆஃப், டாக்கர் பில்டுக்கு --ப்ராக்ரஸ்=ப்ளெய்ன்.

நோட் ஜேஎஸ்ஸில் இதற்கென்று வெளி பேக்கேஜ் தேவையில்லை. 16.11 பதிப்பிலிருந்து யூடில் மாட்யூலில் ஸ்ட்ரிப்விடிகன்ட்ரோல்கேரக்டர்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. 2025 செப்டம்பரில், நோட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மில் சாக், ஸ்ட்ரிப்-அன்சி, அன்சி-ரெஜெக்ஸ் உள்ளிட்ட பேக்கேஜ்களில் தீய நிரல் நுழைக்கப்பட்டது. ஒற்றை வரி வேலைக்கு டிபென்டன்சி சேர்க்காமல் இருக்க அதுவே போதுமான காரணம்.

நீக்கியபின் சரிபாருங்கள். இரண்டாவது ஃபைலில், வரிகளைத் தேடும் கிரெப் கட்டளைக்கு `$'\033'` கொடுத்துத் தேடி, ஒன்று கிடைத்தாலும் படியைத் தோற்கச் செய்யுங்கள். புதுக் கருவி ஏதாவது புதுக் குறியீடு அனுப்பினால் அன்றே தெரிந்துவிடும்.

தேடல் பொய் சொல்லும் இடம்

மூல ஃபைலில் தேடினால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். நிறம் இல்லாத பைடெஸ்ட் லாக்கின் சுருக்கப் பகுதியில், தோற்ற டெஸ்டின் வரி ஃபெயில்டு என்ற சொல்லில் தொடங்கும். வரியின் தொடக்கம் என்று ^ போட்டு அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்கும். நிறம் போட்டதும் வரியின் முதல் பைட் எஸ்கேப் ஆகிவிடுகிறது. அதே தேடல் எதையும் காணாது. கிரெப் 1 என்று விடை தரும், ஸ்கிரிப்ட் அதைத் ‘தோல்வி எதுவும் இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். கடைசி வரியிலும் அப்படியே. ‘1 ஃபெயில்டு’ என்பதற்கும் அடுத்த காற்புள்ளிக்கும் நடுவே [0எம் உட்கார்ந்திருக்கும், ‘2 பாஸ்டு’ என்பதற்கு முன்னால் [32எம் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பேட்டர்ன் நழுவும்.

நியாயமாகப் பார்த்தால் முடிவை லாக் வரிகளிலிருந்து எடுக்கவே கூடாது. எக்ஸிட் கோடைப் பாருங்கள்: பைடெஸ்டில் 0 எல்லாம் தேறியது, 1 சில தோற்றன, 5 டெஸ்ட் ஒன்றுமே கிடைக்கவில்லை. விவரம் வேண்டுமானால் ஜேயூனிட் எக்ஸ்எம்எல் அறிக்கையை எழுதச் சொல்லி அதைப் படியுங்கள்.

அந்த எக்ஸ்எம்எல்லிலும் ஒரு கண் வேண்டும். 32-க்குக் கீழான கட்டுப்பாட்டு எழுத்துகளில் எக்ஸ்எம்எல் 1.0 அனுமதிப்பவை 9, 10, 13 மூன்று மட்டுமே. 27-க்கு இடமே இல்லை, எண்வடிவில் மறைத்து எழுதினாலும் செல்லாது. டெஸ்ட் அச்சிட்ட நிற வரிகளை அப்படியே அறிக்கையில் ஒட்டும் ரன்னர்களால் முழு அறிக்கையும் செல்லாததாகிவிடும். ஒரு வரியின் நிறத்துக்காக அத்தனை டெஸ்டின் முடிவும் சிஐ பக்கத்திலிருந்து காணாமல் போகும். பைடெஸ்ட் கொஞ்சம் பக்குவமாக நடந்துகொள்கிறது: அந்த எழுத்தை #எக்ஸ்1பி என்று மாற்றி எழுதும். அறிக்கை பிழைக்கும், படிப்பதற்குத்தான் அசிங்கமாக இருக்கும். இந்தச் சரத்தை அறிக்கையில் கண்டால், டெஸ்டுக்குள் ஏதோ ஒன்று நிறம் அச்சிடுகிறது என்று பொருள்.

நிறத்தையே டெஸ்ட் செய்வது

உங்கள் கருவியே நிறம் போடுகிறது என்றால் அதற்கும் டெஸ்ட் வேண்டும். நிறம் உண்டா இல்லையா என்பதை ஆர்க்யுமென்டாக வாங்கும்படி ஃபங்ஷனை எழுதுங்கள். உள்ளுக்குள் டெர்மினலைத் தேடக் கூடாது. பிறகு மூன்று நிலைகளைச் சோதித்தால் போதும்: வலிந்து நிறம், வலிந்து நிறமின்மை, பைப்பில் தானாக நிற்பது.

ஒவ்வொரு நிறத்தையும் சரமாக எழுதி ஒப்பிடுவது வீண் உழைப்பு, வடிவமைப்பு சற்று மாறினாலும் எல்லாம் விழும். அதைவிட உறுதியான சோதனை ஒன்று: நிறத்தோடு வந்த வெளியீட்டிலிருந்து குறியீடுகளை நீக்கினால், நிறமின்றி வந்த வெளியீட்டோடு பைட்டுக்கு பைட் பொருந்த வேண்டும். இடைவெளி ஒழுங்கு பிசகியதும், குறியீட்டின் நடுவில் சரம் வெட்டப்பட்டதும், நிறம் உள்ளபோது மட்டும் ஒரு சொல் விடுபட்டதும் இதில் மாட்டிக்கொள்ளும். கூடவே ஒவ்வொரு வரியின் முடிவிலும் 0 வந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வரிகளுக்கு ஒரே நிறம் வேண்டுமானாலும் வரிக்கு வரி திறந்து மூடுங்கள். வரிகளைத் தனித்தனியாகக் காட்டும் லாக் பக்கங்களில் முதல் வரி மட்டும் சிவப்பாகி மற்றவை வெறுமையாக நிற்காது.

சிவப்பு, பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பி முடிவைச் சொல்லாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம் அணிகளிலேயே இருக்கிறார்கள், நீக்கப்பட்ட ஃபைலிலோ நிறமே இல்லை. சொல்லும் சேர்ந்து வர வேண்டும். 34 என்ற நீலம் கறுப்புப் பின்னணியிலும், 33 என்ற மஞ்சள் வெள்ளைப் பின்னணியிலும் படிக்கக் கடினம்.

மூல ஃபைலைத் திறக்கும்போது

டெஸ்ட் லாக்கில் வெளியாட்கள் எழுதியதும் சேர்ந்துவிடும்: நெட்வொர்க் பதில்கள், பயனர் தந்த பெயர்கள், பிறர் அனுப்பிய புல் ரிக்வெஸ்டின் டெஸ்ட் பெயர்கள். அவற்றில் எஸ்கேப் குறியீடு இருந்தால், கேட் கட்டளையால் ஃபைலைக் காட்டும்போது உங்கள் டெர்மினல் அதை நிறைவேற்றும். கர்சரை மேலே நகர்த்தி, ஏற்கெனவே அச்சான தோல்வி வரியின் மேல் வேறொன்றை எழுத அதுவே போதும். நிறத்தோடு பார்க்க லெஸ் கட்டளையைப் பெரிய ஆர் சுவிட்சோடு திறங்கள். அது நிறத்தை விட்டுவிட்டு, கர்சர் நகர்வை எழுத்தாகவே காட்டும். சந்தேகம் வந்தால் கேட்டுக்கு -வி கொடுங்கள்: ஒவ்வொரு எஸ்கேப்பும் ^[ என்று வெளிப்படையாகத் தெரியும், எதுவும் நிறைவேறாது.